பாலாற்றிலிருந்து கடற்கரைக்கு: வேலூர்க்காரர்கள் அருங்காட்சியகம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு ஒரு நாள் சுற்றுலா என்றதும் நம் பக்கத்துப் பள்ளிகள் மெரினா, கிண்டி, வண்டலூர் என்று பட்டியல் போட்டுவிடும். கடலை ஒட்டி நிற்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் வேலூர், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வந்தவாசிக்காரர்கள்தான் அங்கே முதலில் போக வேண்டியவர்கள். அங்கிருக்கும் நாணயம், சிலை, ஓவியம் பலவற்றின் கதை நம் ஊரில் தொடங்கியது, அல்லது நம் ஊரில் வந்து முடிந்தது. கடற்கரையில் முடிவு செய்ததற்குப் பாலாற்றங்கரையில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

இதற்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். ஒரு நாள் வேலூர்க் கோட்டைக்கு, ஒரு நாள் கடற்கரைக் கோட்டைக்கு. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கால் வலிதான் மிஞ்சும்.

முதல் படி: நாளும் பையும்

வெள்ளிக்கிழமை வேண்டாம். வேலூர் அரசு அருங்காட்சியகம், சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்குமே அன்று விடுமுறை. மாநில அரசு அருங்காட்சியகங்களுக்கு இரண்டாவது சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியைத் தவிர்த்து ஐப்பசிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் கோட்டைக்குள் நடப்பது சுகம்.

பையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில், சிறிய டார்ச், தண்ணீர். பென்சிலை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பழம்பொருளுக்குப் பக்கத்தில் மைப் பேனாவோடு நிற்பவர்களைக் காவலர்களுக்குப் பிடிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது. அரசு அடையாள அட்டை ஏதாவது ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கோட்டை தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் இடம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். படம் எடுக்கலாமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

பள்ளியிலிருந்து மாணவர்களை அழைத்துப் போவதானால் தலைமை ஆசிரியரின் கடிதத்தை முன்கூட்டியே காப்பாட்சியருக்கு அனுப்பிவிடுவது நல்லது. சொல்லாமல் போய் நிற்கும் அறுபது பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: வேலூர்க் கோட்டையிலிருந்து கேள்விகளைச் சேகரிப்பது

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி செய்யும் பழைய சொலவடை உண்டு. சாமியில்லாத கோயில் என்ற பேச்சு 1981 மார்ச் மாதத்தில் ஜலகண்டேஸ்வரரை மீண்டும் பிரதிஷ்டை செய்ததோடு முடிந்தது. ராஜா இல்லாத கோட்டை என்பதோ எப்போதுமே பாதி உண்மைதான். 133 ஏக்கர் கொண்ட இந்தக் கோட்டைக்குள் ராஜாக்களும் இளவரசர்களும் நிறையவே இருந்திருக்கிறார்கள், கைதிகளாக.

அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலச் சிற்பிகளின் கைவரிசையைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. பாயும் யாளிகளும் வீரர்களும் தூணை விட்டு வெளியே வந்து நிற்கும். காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பத்தைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. இந்த மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அன்று அழகான பொருளெல்லாம் கடற்கரை நோக்கியே பயணம் போனது என்பதை அது சரியாகவே சொல்கிறது.

இனி அரசு அருங்காட்சியகம். விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானிடவியல் என்று பல பிரிவுகள் உண்டு. பதம் செய்த பறவைகளுக்கு முன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் நிற்பார்கள், நிற்கட்டும். நீங்கள் மூன்று இடங்களில் நேரத்தைச் செலவிடுங்கள்.

ஒன்று, வேலூர் வட்டத்தில் கிடைத்த பழைய உலோக வாள். கைப்பிடி முனையில் பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டு கிளைகள் பிரியும். பொது ஆண்டுக்கு முந்தைய 400ஐ ஒட்டியது என்று காலம் குறித்திருக்கிறார்கள். நவாபுக்கும் நாயக்கருக்கும் வெகு முன்பே இங்கே ஆயுதம் பிடித்த கைகள் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு, கற்சிற்பங்கள். பிற்காலப் பல்லவர் தொடங்கி விஜயநகரம் வரை வரிசையாகப் பார்க்கலாம். காலத்தை ஊகிக்கச் சில எளிய அடையாளங்கள் உண்டு. பூணூல் வலது முன்கையின் மேல் ஏறிப் போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பல்லவச் சாயல் அதிகம். திருமாலின் கையில் சக்கரத்தின் விளிம்பு நம்மைப் பார்த்து, எறியத் தயாராக இருப்பதுபோல் திரும்பியிருந்தால் பொதுவாகப் பழையது. தட்டையாக முகம் காட்டி, சுற்றிலும் தீச்சுடர்களோடு இருந்தால் பிற்காலம். கூர்மையான மூக்கும் நெருக்கமான அணிகலன்களும் விஜயநகரத்தின் பக்கம் கைகாட்டும். இவை பத்தில் பத்தும் பலிக்கும் விதிகள் அல்ல, விவரப்பலகையைப் படிக்கும் முன் நீங்களே ஊகித்துப் பார்ப்பதற்கான பிடிகள். முதலில் பொருள், பிறகு பலகை. பலகையை முதலில் படித்தவர் பொருளைப் பார்க்கவே மாட்டார்.

மூன்று, என்னைக் கேட்டால் இந்த அருங்காட்சியகத்தின் உயிர்நாடி: கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகையும் நாணயங்களும். இலங்கையின் கடைசி அரசரான இவர் 1815இல் பிடிபட்டார். 1816இல் கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து சேர்ந்தார். 1832 ஜனவரியில் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். பதினாறு ஆண்டுக் காவலில் ஓர் அரசருக்குச் சதுரங்கப் பலகையில் மட்டுமே படை நடத்த முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்து போய், 1934இல் இலங்கைக்குத் திரும்பி, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே மனிதரின் உடைமைகள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து கிடக்கின்றன.

இந்த இடத்தில் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். இதைச் செய்தவர் யார், கடைசியாகப் பயன்படுத்தியவர் யார், இங்கே வந்து சேர்ந்தது எப்படி? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பலகையில் விடை இருக்காது. காப்பாட்சியரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்கும் பார்வையாளருக்கு அவர்கள் சலிக்காமல் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கல்வெட்டு, சிற்பக்கலை பற்றி மாணவர்களுக்குப் பயிற்சியும் ஓவிய முகாமும் அங்கே நடப்பதுண்டு. அடுத்தது எப்போது என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

வெளியே வரும்போது 1806 ஜூலை 10ஐ நினைக்காமல் அகழியைக் கடக்க முடியாது. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த வட்டத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று வந்த புது விதிகளால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களின் மனம் கொதித்து, விடியும் முன் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றே அதை அடக்கினார். நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அந்தத் தலைப்பாகை உத்தரவு எங்கிருந்து வந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்தில் அந்த இடத்துக்கே போகப் போகிறோம்.

மூன்றாம் படி: ரயிலில் போவது

கார் வேண்டாம், காட்பாடியிலிருந்து ரயிலில் போங்கள். சென்னைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் கிடைத்தால் வாலாஜா ரோடு நிலையத்தைக் கவனியுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் புறப்பட்டு வந்து சேர்ந்தது இங்கேதான். கடற்கரையிலிருந்து போட்ட முதல் தண்டவாளம் நவாபின் பெயர் கொண்ட ஊரை நோக்கி வந்தது தற்செயல் இல்லை. வாலாஜாபேட்டை அந்தக் காலத்தில் துணிக்கும் சரக்குக்கும் பேர் போன சந்தை ஊர்.

சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் கடற்கரை போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் அடுத்த நிலையம் கோட்டை. காலைச் சிற்றுண்டியை ரயிலுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் சாப்பாட்டுக் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காம் படி: கடற்கரைக் கோட்டையில் நம் ஊரைத் தேடுவது

முதலில் கட்டடத்தையே ஒரு பொருளாகப் பாருங்கள். 1795இல் கட்டி முடித்த வணிகர் மாளிகை இது. மேல்மாடியில் 1796 முதல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. அன்று அலை கோட்டைச் சுவரின் அருகிலேயே அடித்தது. பிற்பாடு துறைமுகம் கட்டியபின் மணல் சேர்ந்து கடல் பின்வாங்கியது. 1948 ஜனவரி 31 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இந்த மண்ணே நம் பக்கத்துக்காரர் கொடுத்தது. 1639 ஆகஸ்ட்டில் கம்பெனிக்கு இடம் கொடுத்த தாமர்லா வேங்கடாத்ரி வந்தவாசி நாயக்கர். அவர் பணிந்து நடந்ததோ சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட அரவீடு வம்சத்து விஜயநகர அரசர்களுக்கு. சென்னைக்காரர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் பிறந்தநாளின் பத்திரம் வட ஆற்காட்டுக் கையெழுத்து என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பீங்கான், பதக்கம், பீரங்கிக் குண்டு என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்வது நான்கே நிறுத்தங்கள்.

நாணயங்களில் தொடங்குங்கள். ஆற்காட்டு ரூபாய் என்ற பெயரைப் பாருங்கள். ஆற்காட்டில் நவாபின் அக்கசாலையில் பிறந்த இந்தக் காசு சந்தையில் அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்ததால், சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அதே பெயரில், அதே பாரசீக எழுத்தில் அடித்து வெளியிட்டார்கள். வேறுபடுத்திக் காண எளிய வழி குறியீடு: சென்னைக் காசில் தாமரை, புதுச்சேரிக் காசில் பிறை. இதில் ரசிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். அவருடைய பெயரையும் ஆறாம் ஆட்சியாண்டையும் தாங்கிய ரூபாயைக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டிருந்தது. பேரரசர் செத்தாலும் அவர் பெயருக்குச் சந்தையில் மதிப்பு சாகவில்லை. காசு மிகச் சிறியது, கண்ணாடிப் பேழையில் ஒளி பிரதிபலிக்கும். தலையைச் சற்றுச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

அடுத்தது கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸின் பளிங்குச் சிலை. தாமஸ் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792இல் திப்பு சுல்தான் தோற்று, தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. கற்சிற்பம் வெற்றியைத்தான் சொல்லும், அதன் பிறகு நடந்ததைச் சொல்லாது. பின்கதை வேலூரில் இருக்கிறது. 1799இல் திப்பு மாண்டபின் அந்தக் குடும்பம் முழுவதையும் நம் கோட்டைக்குள் குடிவைத்தார்கள். 1806 புரட்சியில் சிப்பாய்கள் மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள் என்பதால் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தப் பீடம் வேறு மாதிரி தெரியும். இரண்டு நாளில் முதல் நாளை வேலூருக்குக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது, உருவப்படங்கள். ஆற்காட்டு நவாபுகளின் படங்களுக்கு முன் பொறுமையாக நில்லுங்கள். நவாப் முகமது அலி வாலாஜா, டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் போன்ற பிரிட்டிஷ் ஓவியர்களை அமர்த்தித் தம்மை வரையச் செய்தவர். அந்தப் பாணிப் படங்களில் உடுப்பு நம் நாட்டு மெல்லிய மஸ்லின், கழுத்தில் முத்துச்சரம், கையில் வாள். பின்னால் இருக்கும் தூணும் திரைச்சீலையுமோ ஐரோப்பிய ஓவியக்கூடத்தின் வழக்கமான சாமான்கள். படத்தில் கம்பீரமாக நிற்கும் அந்த மனிதர் கம்பெனி வணிகர்களிடம் கழுத்தளவு கடனில் இருந்தார். 1768இல் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து அரண்மனை கட்டிக்கொண்டு பாலாற்றங்கரையை விட்டே போய்விட்டார். 1801இல் கர்நாடகம் என்று அன்று அழைத்த நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. ஆற்காடு வெறும் ஊராகவும், ஆற்காடு என்ற பட்டம் சென்னையிலும் தங்கிப்போயின. ஓவியத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது இது: யாருக்குக் காட்டுவதற்காக வரையச் சொன்னார்?

நான்காவது, ஆயுதங்களும் சீருடைகளும். இங்கேதான் நோட்டில் எழுதிய தலைப்பாகைக் கேள்விக்கு விடை. அந்த உத்தரவின் பின்னால் இருந்த தளபதி ஜான் கிரேடக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் இருவரின் அதிகார பீடம் இதே புனித ஜார்ஜ் கோட்டை. புரட்சிக்குப் பின் இருவரையுமே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, விதிகளும் ரத்தாயின. பித்தளைப் பொத்தான்களையும் பட்டைகளையும் பார்க்கும்போது துணியின் அழகோடு நின்றுவிடாதீர்கள். அணியச் சொன்னவர் யார், அணிய மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் அந்தத் துணியில்தான் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே 1680இல் கட்டிய புனித மேரி ஆலயம். 1751இல் வெறும் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு போய் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய ராபர்ட் கிளைவ், 1753இல் திருமணம் செய்துகொண்டது இங்கே. ஆற்காட்டில் கிடைத்த புகழோடு வந்த மாப்பிள்ளை.

எழும்பூர் அருங்காட்சியகத்தையும் அன்றே சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்காதீர்கள். 1851இல் தொடங்கிய அந்த இடத்தின் செப்புத் திருமேனிகளுக்கே ஒரு பகல் போதாது.

ஐந்தாம் படி: பிள்ளைகளோடு போனால்

ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து வரைய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வரைய உட்கார்ந்த பிள்ளை வாளின் பிடியில் எத்தனை வளையம் என்று எண்ணும். படம் பிடித்த பிள்ளை எண்ணாது. வினாடி வினா நடத்தி ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அருங்காட்சியகத்தின் மேல் வெறுப்பு வர அது ஒன்றே போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்காமல் மெரினாவுக்கு அழைத்துப் போய்விடுங்கள். அதுவும் நியாயமான ஆசைதான்.

ஆறாம் படி: திரும்பி வந்தபின்

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் விட்ட இடங்களைப் பார்க்கலாம். ஆற்காட்டில் பாலாற்றை ஒட்டி நிற்கும் டெல்லி கேட் நவாபின் கோட்டையில் மிஞ்சியது. வேலூரில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டி அரசரின் சமாதி இருக்கிறது, மண்டபத்தை 1990இல் தமிழக அரசு கட்டியது. மக்கான் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கும் பலர் அங்கிருக்கும் தூண் 1806இன் நினைவுத்தூண் என்று அறியாமலேயே ஏறிப் போகிறார்கள். ஆற்காடு போனால் மக்கன் பேடா வாங்காமல் திரும்பாதீர்கள், வழிகாட்டி எழுதுபவன் இதையும் சொல்லியாக வேண்டும்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பழைய வட ஆற்காடு நடுகற்களுக்குப் பேர் போன பகுதி. செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன, பல ஆநிரை காக்கும் சண்டையில் விழுந்த வீரர்களுக்கு எடுத்தவை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்றோ வேறு பெயரிலோ மக்கள் கும்பிடும் கல்லில், வில்லோ வாளோ ஏந்திய வீரன் இருந்தால் அதுவும் ஒருவேளை நடுகல்லாக இருக்கலாம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இடத்தை விட்டு அசைக்காதீர்கள். சுண்ணாம்போ பெயிண்டோ பூச விடாதீர்கள். எழுத்து தெரிவதற்காகச் சுத்தியலால் தட்டுவதும், ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் கல்லைக் கொல்லும் வேலை. மாலை இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும். அப்போது நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. இடத்தைத் தெளிவாகக் குறித்து, வேலூர் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ ஏர் உழும்போதோ காசுக்குடமோ சிலையோ கிடைத்தால் விதி வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் கிடைத்த ஆழம், சுற்றிக் கிடந்த ஓடு, சாம்பல் ஆகியவற்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் காட்சிப்பேழைக்கு முன் நிற்பவர் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு அந்தக் காகிதம் மட்டுமே பதில் சொல்லும்.